வங்கி மூடிய பிறகு: நியூயார்க் பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸின் வீழ்ச்சியும் கலைப்பும்

1. பெயரும் பிறப்பும்

பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற பெயரோடு 1913 முதல் 1930 வரை இயங்கியது அமெரிக்க அரசின் வங்கி அன்று. நியூயார்க் நகரத்துக்குள்ளேயே கிளை பரப்பிய ஓர் உள்ளூர் தனியார் வங்கி அது. ஆயத்த ஆடைத் தொழிலிலிருந்து வங்கித் தொழிலுக்கு வந்த ஜோசப் மார்க்கஸ், மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் டிலான்சி தெருவில் 1 லட்சம் டாலர் மூலதனத்தில் அதைத் தொடங்கினார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. தையற்கூடத் தொழிலாளிகள், மளிகைக் கடைக்காரர்கள், சிறிய துணி உற்பத்தியாளர்கள் ஆகியோரே அதன் வாடிக்கையாளர்கள். பெரிய வங்கிகளின் பளிங்குக் கூடங்களில் ஏறத் தயங்கியவர்களுக்கு இந்த வங்கி கைக்கு எட்டியது. அவர்கள் பேசிய யிட்டிஷ் மொழி அங்கே செல்லுபடியாயிற்று.

பெயர் அதன் பெரிய சொத்து. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பலர், அமெரிக்க அரசே பின்னால் நிற்கிறது என்று நம்பிப் பணம் போட்டார்கள். இத்தகைய மயக்கத்தைத் தடுக்க, ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற சொல்லை வங்கிகள் பெயரில் சேர்க்கக் கூடாது என்று 1926-இல் சட்டம் வந்தது. ஆனால் ஏற்கெனவே இருந்த வங்கிகளுக்கு அது பொருந்தவில்லை. பெயர் அப்படியே நீடித்தது. பின்னாளில் அந்த வங்கி மூடியபோது, ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் வங்கி முறிந்தது’ என்ற செய்தி வெளிநாடுகளில் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

2. இரண்டாண்டு வீக்கம்

ஜோசப் மார்க்கஸ் 1927-இல் இறந்தார். தலைமை அவருடைய மகன் பெர்னார்ட் மார்க்கஸிடம் வந்தது. ஆடைத் தொழிலிலிருந்து வந்த சால் சிங்கர் அவருக்கு வலக்கையாக இருந்தார். தந்தை காலத்தில் ஒரு கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய கிளைகளே இருந்தன. 1928, 1929 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சென்ட்ரல் மெர்க்கன்டைல், கலோனியல், மியூனிசிபல் முதலிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டன. கிளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 60 ஆயிற்று. டெபாசிட் உச்சத்தில் 20 கோடி டாலரைத் தாண்டியது. டெபாசிட்தாரர்கள் 4 லட்சத்துக்கும் மேல். அதாவது தலைக்குச் சராசரியாக 500 டாலர் அளவே. பெரும் பணக்காரர்களின் வங்கியன்று, சிறுவாட்டுப் பணத்தின் வங்கி என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

வளர்ச்சியின் உள்ளே இரண்டு பழுதுகள் இருந்தன. முதலாவது, வங்கி தன்னைச் சுற்றி பாங்கஸ் கார்ப்பரேஷன், சிட்டி ஃபைனான்ஷியல் கார்ப்பரேஷன் போன்ற இணை நிறுவனங்களை அமைத்துக்கொண்டு அவற்றுக்கே கடன் கொடுத்தது. அந்தக் கடனில் ஒரு பகுதி வங்கியின் சொந்தப் பங்குகளை வாங்கி விலையைத் தாங்கிப்பிடிக்கப் போயிற்று. வங்கிப் பங்கும் பாங்கஸ் பங்கும் ஒட்டிய ‘யூனிட்’கள் 1929-இல் டெபாசிட்தாரர்களிடமே கூவி விற்கப்பட்டன. கவுன்ட்டரில் பணம் போட வந்தவரிடம், விலை இறங்கினால் வாங்கின விலைக்கே திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று ஊழியர்கள் வாய்மொழியாகச் சொன்னார்கள். இரண்டாவது பழுது, நகரின் கட்டுமானத் தொழிலில் வங்கி அளவுக்கு மீறி இறங்கியது. முதல் அடமானம் வேறொருவரிடம் இருக்க, அதற்கு அடுத்த நிலையில் நின்று கட்டிடங்களுக்குக் கடன் கொடுத்தது. சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரத்தில் எமரி ராத் வடிவமைத்த பெரஸ்ஃபோர்ட், சான் ரெமோ என்ற இரு மாளிகைக் குடியிருப்புகளிலும் அதன் பணம் இருந்தது.

குறுகிய காலத்தில் கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பணத்தை, நீண்ட காலம் முடங்கும் இடத்தில் போடுவது எல்லா வங்கிகளும் செய்வதுதான். வங்கித் தொழிலே அந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. ஆனால் முடங்கும் இடம் ஒரே நகரத்தின் மனை விலையாகவும், தாங்கிப்பிடிக்கும் தூண் தன் பங்கு விலையாகவும் இருந்தால், இரண்டும் ஒரே நாளில் சரியும். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. மனை விலையும் பின்னாலேயே இறங்கியது.

3. தெற்கிலிருந்து வந்த அச்சம்

அமெரிக்காவில் வங்கிகள் மூடுவது 1930-இல் புதிதன்று. விளைபொருள் விலை சரிந்த 1920-களில் ஆண்டுக்குச் சராசரி 600 வங்கிகள் மூடின. பெரும்பாலும் கிராமத்து வங்கிகள். ஊருக்கு ஒரு வங்கி, அந்த வங்கிக்கு ஒரே கட்டிடம், அதில் கடன் வாங்கியவர் எல்லாரும் ஒரே பயிரை நம்பியவர் என்ற அமைப்பில், பருத்தியோ கோதுமையோ விலை இறங்கினால் வங்கியும் கூடவே இறங்கியது. பல மாநிலங்களில் கிளை திறப்பதையே சட்டம் தடுத்திருந்ததால், ஓர் ஊரின் நட்டத்தை வேறோர் ஊரின் லாபத்தால் ஈடுகட்ட வழியில்லை.

1930 நவம்பரில் நிலை மாறியது. டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் கால்ட்வெல் அண்ட் கம்பெனி என்ற நிதி நிறுவனம் முறிந்தது. அதோடு பிணைந்திருந்த டென்னசி, கென்டக்கி, ஆர்கன்சா வங்கிகள் சீட்டுக்கட்டு போலச் சாய்ந்தன. அந்த ஒரு மாதத்தில் 256 வங்கிகளும், அடுத்த மாதத்தில் 352 வங்கிகளும் மூடின. இதுவரை ‘எந்த வங்கி?’ என்று கேட்ட மக்கள், ‘எந்த வங்கிதான் நிற்கும்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். நியூயார்க் நகரில் அந்தக் கேள்வி முதலில் போய் நின்ற வாசல், உள்ளே ஏற்கெனவே பலம் குன்றியிருந்த பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸின் வாசல்.

4. பிராங்க்ஸ் கிளையில் ஒரு நாள்

1930 டிசம்பர் 10 காலை, பிராங்க்ஸ் பகுதியின் சதர்ன் புலவார்டில் இருந்த கிளைக்கு ஒரு சிறு வியாபாரி வந்தார் என்றும், தன் வங்கிப் பங்குகளை விற்றுத் தரும்படி கேட்டார் என்றும், நல்ல முதலீடு, விற்க வேண்டாம் என்று ஊழியர்கள் சொன்னார்கள் என்றும் அப்போதைய நாளிதழ்கள் எழுதின. வெளியே போன அவர், பங்கை வாங்க வங்கி மறுக்கிறது என்று சொன்னதாகப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிறிது நேரத்தில் பாஸ்புக்கோடு ஆட்கள் வரத் தொடங்கினர்.

நாள் முடிவதற்குள் தெருவில் கூடியவர்கள் 20,000 முதல் 25,000 பேர். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீசார் வந்தனர். எல்லாரும் பணம் எடுக்க வந்தவர்களல்லர். வேடிக்கை பார்க்க நின்றவர்களே மிகுதி. உள்ளே போய்ப் பணம் எடுத்தவர்கள் 2,500 முதல் 3,500 பேர் வரை. அவர்கள் எடுத்தது ஏறத்தாழ 20 லட்சம் டாலர். கணக்கில் இருந்த 2 டாலரை எடுக்க ஒருவர் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்.

அந்த இரண்டு டாலர்க்காரரை நகைச்சுவையாகப் பார்ப்பது எளிது. ஆனால் வங்கிமீது பாய்ச்சல் ஏற்படும்போது நடக்கும் கணக்கு அவருடையதுதான். வரிசையில் முன்னால் நிற்பவருக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும். ரொக்கம் தீர்ந்த பிறகு வருபவருக்கு எப்போது, எவ்வளவு என்றே தெரியாது. வங்கி நல்ல வங்கி என்று நம்புபவரும், பக்கத்து வீட்டுக்காரர் நம்பாதபோது, அவருக்கு முன்னால் ஓடத்தான் வேண்டும். வதந்தி பொய்யாக இருந்தாலும் ஓட்டம் அதை மெய்யாக்கிவிடும்.

மாலைக்குள் பிராங்க்ஸின் பிற கிளைகளிலும், புரூக்ளினின் கிழக்கு நியூயார்க் பகுதியிலும் வரிசைகள் நீண்டன.

5. கடைசி இரவு

வங்கியின் நிலை நகரின் நிதி வட்டாரங்களுக்கு அன்று திடீரெனத் தெரிந்ததன்று. மாநில வங்கிக் கண்காணிப்பாளர் ஜோசப் பிராடரிக் பல மாதங்களாக அதை வேறு வங்கிகளோடு இணைக்க முயன்றுகொண்டிருந்தார். நவம்பர் இறுதியில் மானுஃபாக்சரர்ஸ் டிரஸ்ட், பப்ளிக் நேஷனல், இன்டர்நேஷனல் டிரஸ்ட் ஆகிய மூன்று வங்கிகளோடு இணைப்பு அறிவிக்கப்பட்டது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் கேஸ் புதிய வங்கிக்குத் தலைமை ஏற்பதாகவும் இருந்தது. டிசம்பர் 8-ஆம் தேதி அந்த ஏற்பாடு முறிந்தது. பாய்ச்சல் தொடங்கியது அதற்கு இரண்டு நாள் கழித்து.

டிசம்பர் 10 இரவு, நகரின் பெரிய வங்கிகளின் தலைவர்கள் கூடினார்கள். வங்கிகள் தமக்குள் செக்குகளைத் தீர்த்துக்கொள்ள வைத்திருந்த கிளியரிங் ஹவுஸ் அமைப்பின் வங்கிகள் சேர்ந்து 3 கோடி டாலர் கொடுத்தால் இணைப்பைக் காப்பாற்றிவிடலாம் என்பது யோசனை. அவர்கள் கைகொடுக்கவில்லை. இந்த ஒரு வங்கியை விழவிட்டால் நகரில் குறைந்தது பத்து வங்கிகள் கூடவே மூடும், சேமிப்பு வங்கிகள்கூடத் தப்பாது என்று எச்சரித்ததாகப் பிராடரிக் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அடமானங்கள் சரியில்லை, நட்டத்தின் அடி தெரியவில்லை என்பது பெரிய வங்கிகளின் தரப்பு. யூதர்கள் நடத்தி, யூதர்கள் பணம் போட்ட வங்கி என்பதால்தான் கைவிடப்பட்டது என்ற குறை அந்த மக்களிடையே வெகுகாலம் இருந்தது.

டிசம்பர் 11, வியாழக்கிழமை. கதவுகள் திறக்கவில்லை. இயக்குநர்களின் வேண்டுகோளின்படி வங்கியின் சொத்துகள் கண்காணிப்பாளர் வசம் வந்தன. அமெரிக்காவில் அதுவரை மூடிய வணிக வங்கிகளில் டெபாசிட் அளவில் அதுவே மிகப் பெரியது.

6. சாவி கைமாறிய பின்

வங்கி முறிந்த வரலாறுகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். டெபாசிட்தாரருக்கோ இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இரு வகை வங்கிகள் இருந்தன. மத்திய அரசின் உரிமம் பெற்ற ‘நேஷனல்’ வங்கி மூடினால், கன்ட்ரோலர் ஆஃப் தி கரன்சி என்ற அதிகாரி ஒரு ரிசீவரை நியமிப்பார். மாநில உரிமம் பெற்ற வங்கி மூடினால், அந்த மாநிலச் சட்டப்படி கண்காணிப்பாளரோ நீதிமன்றம் நியமிப்பவரோ பொறுப்பேற்பார். பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் இரண்டாவது வகை. பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே: இருப்பதைக் கையகப்படுத்துவது, வரவேண்டியதை வசூலிப்பது, கொடுக்க வேண்டியவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பது.

முதல் நாள் வேலை எண்ணுவது. பெட்டகத்து ரொக்கம், கடன் பத்திரங்கள், அடமான ஆவணங்கள், பாதுகாப்புப் பெட்டிகள் எல்லாம் பட்டியலிடப்படும். வங்கிமேல் எழுதப்பட்டு வழியில் இருக்கும் செக்குகள் அனைத்தும் திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை சம்பளம் போடச் செக் எழுதிவைத்த தையற்கூட முதலாளிக்கும், அந்தச் செக்கை வாங்கிய தொழிலாளிக்கும், அவருக்குக் கடன் கொடுத்த மளிகைக்காரருக்கும் அன்றே முட்டுக்கட்டை விழும்.

அடுத்தது கோரிக்கைகளைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு டெபாசிட்தாரரும் பாஸ்புக்கைக் கொண்டுவந்து, தன் கணக்கில் இருந்தது இவ்வளவு என்று உறுதிமொழியோடு கோரிக்கை மனு கொடுக்க வேண்டும். வங்கி ஏட்டோடு அது ஒத்துப்போனால் ஏற்கப்படும். நான்கு லட்சம் பேருக்கு இதைச் செய்வதென்றால், எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் அடங்கிய ஒரு புதிய அலுவலகமே வேண்டும். அந்தச் செலவும் மூடிய வங்கியின் சொத்திலிருந்துதான் போகும்.

பிறகு வரிசை. கலைப்புச் செலவுக்கு முதலிடம். ஈடு பெற்றவர்களுக்கும் சட்டப்படி முன்னுரிமை உள்ளவர்களுக்கும் அடுத்தது. அதன் பிறகே சாதாரண டெபாசிட்தாரர். பங்குதாரர் கடைசி. கடன் வாங்கியவரே டெபாசிட்டும் வைத்திருந்தால், அதைக் கடனில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே வங்கியில் 500 டாலர் கடனும் 500 டாலர் டெபாசிட்டும் இருந்தவர் முழுப் பணத்தையும் மீட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். கடனே வாங்காமல் சேமித்தவர்தான் வரிசையில் நின்றார்.

வசூல்தான் கடினமான பகுதி. இயங்கும் வங்கி, நல்ல வாடிக்கையாளரின் கடன் நோட்டைத் தவணை முடிந்ததும் புதுப்பித்துக் கொடுக்கும். மூடிய வங்கி கொடுக்காது. ரிசீவரின் கடமை பணத்தைத் திரட்டுவது. கடை பிழைக்க வேண்டும் என்பது அவர் பொறுப்பன்று. வேறு வங்கிகளும் புதிய கடன் தர அஞ்சிய காலத்தில், கடை நல்ல நிலையில் இருந்தும் கடன் பத்திரம் முதிர்ந்ததால் மூட நேர்ந்தது. வசூல் முறுகினால் கடனாளி திவாலாவார். தளர்ந்தால் டெபாசிட்தாரர் காத்திருக்க வேண்டும். ரிசீவர் செய்த ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டில் ஒருவருக்குக் கேடு.

சேர்ந்த பணம் அவ்வப்போது ‘டிவிடெண்ட்’ என்ற பெயரில் விகிதப்படி வழங்கப்படும். லாபத்தின் பங்கல்ல, தன் பணமே தவணையில் திரும்பி வருவது. மூடிய வங்கிகள் எங்கும், இந்தத் தவணைகளுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் தங்கள் உரிமையைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். அதை வாங்கிவைத்துக் காத்திருந்தவர்கள் லாபம் பார்த்தார்கள்.

நியூயார்க்கில் ஓர் இடைக்கால உதவி கிடைத்தது. வங்கி மூடிய உடனே, கிளியரிங் ஹவுஸ் வங்கிகள் அதன் டெபாசிட்தாரர்களுக்கு அவர்கள் இருப்பில் பாதி அளவுவரை கடன் கொடுக்க முன்வந்தன. தன் பணத்தையே ஈடாக வைத்து, வட்டியும் கட்டி, அதில் பாதியைக் கடனாகப் பெறும் ஏற்பாடு அது. ஆனாலும் கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டு வாடகைக்கு வழியில்லாதவர்களுக்கு அது கையில் கிடைத்த பணம்.

7. பங்குதாரர்மேல் விழுந்த இரண்டாம் அடி

அன்றைய சட்டத்தில் வங்கிப் பங்குதாரருக்கு ‘இரட்டைப் பொறுப்பு’ இருந்தது. வங்கி முறிந்து சொத்து போதாமல்போனால், பங்கின் விலை மண்ணாவதோடு நிற்காது. ஒவ்வொரு பங்குக்கும் அதன் முகமதிப்பு அளவுக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும். வங்கியை நடத்துபவர்கள் கவனமாக இருப்பார்கள் என்பது இந்த விதியின் நோக்கம்.

பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸின் மூலதனம் 2 கோடியே 52 லட்சத்து 50 ஆயிரம் டாலர். 25 டாலர் முகமதிப்பில் 10 லட்சத்து 10 ஆயிரம் பங்குகள். 1932-இல் கண்காணிப்பாளர் பங்குக்கு 25 டாலர் வீதம் முழுத் தொகையையும் கேட்டு ஓலை அனுப்பினார். பெற்றவர்கள் 20,000-க்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அவர்களில் கணிசமானவர்கள், மூன்று ஆண்டுக்கு முன் கவுன்ட்டரில் வாய்மொழி உறுதியை நம்பி யூனிட் வாங்கிய அதே டெபாசிட்தாரர்கள். சேமிப்பு முடங்கியது, பங்கு காகிதமானது, இப்போது கையிலிருந்தும் கட்ட வேண்டும். கவனமாக இருக்கச் செய்யும் விதி, வங்கிக்குள் நடந்தது எதுவும் தெரியாதவர் தலையில் வந்து விழுந்தது.

பலர் கட்டவில்லை. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருந்த 557 பங்குதாரர்கள்மேல் பிராடரிக் அங்கேயே வழக்குப் போட்டார். இந்த வகை வசூல் வழக்குகளை ஏற்க நியூ ஜெர்சிச் சட்டம் இடம் தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. ஒரு மாநிலத்தின் சட்டப்படி ஏற்பட்ட பொறுப்பை மற்ற மாநிலம் தன் நீதிமன்றக் கதவை மூடித் தட்டிக்கழிக்க முடியாது என்று நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ் 1935-இல் தீர்ப்பு எழுதினார். பிராடரிக் எதிர் ரோஸ்னர் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களின் பாடம். வசூல் உரிமை உறுதிப்படவே, வங்கி மூடி ஐந்தாவது ஆண்டு வந்துவிட்டது.

பொருளாதார மந்தம் ஆழமாகும் காலத்தில் எல்லாப் பங்குதாரர்களிடமும் ஒரே நேரத்தில் பணம் கேட்டால் எவ்வளவு வசூலாகும் என்பதையும், அது அப்பாவி முதலீட்டாளரை எப்படித் தண்டிக்கும் என்பதையும் நாடு முழுதும் பார்த்தது. 1933, 1935 வங்கிச் சட்டங்கள் நேஷனல் வங்கிகளில் இரட்டைப் பொறுப்பு மறைய வழி செய்தன.

8. வழக்குகள்

பெர்னார்ட் மார்க்கஸும் சால் சிங்கரும் வங்கிப் பணத்தை இணை நிறுவனங்கள் வழியாக முறைகேடாகத் திருப்பிய குற்றத்துக்கு 1931-இல் தண்டனை பெற்றனர். மேல்முறையீடு தோற்று, சிங் சிங் சிறைக்குப் போனார்கள். வங்கியின் வழக்கறிஞரும் இயக்குநருமான இசிடோர் கிரெசல் தண்டிக்கப்பட்டுப் பின்னர் மேல்முறையீட்டில் விடுபட்டார்.

கண்காணிப்பாளர் பிராடரிக்மேலேயே, வங்கியை முன்கூட்டி மூடாமல் கடமை தவறினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. முன்கூட்டி மூடியிருந்தால் நகரின் வங்கிகள் பல விழுந்திருக்கும் என்பதும், இணைப்பு ஒன்றே வழி என்று கருதியே தாமதித்தார் என்பதும் அவர் தரப்பு. 1932-இல் விடுதலையானார்.

9. விற்கும் நேரமே விலை

வங்கி உண்மையில் திவாலானதா, அல்லது கையில் ரொக்கம் இல்லாமல் மட்டும் திணறியதா என்பது பொருளாதார வரலாற்றில் தீராத வாதம். மில்டன் ஃப்ரீட்மனும் ஆனா ஷ்வார்ட்ஸும் 1963-இல் வெளியிட்ட அமெரிக்கப் பணவியல் வரலாற்றில், இந்த வங்கியின் வீழ்ச்சிக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். கலைப்பு முடிந்தபோது டெபாசிட்தாரர் முதலிய கடன்கொடுத்தோர்க்கு நூற்றுக்கு 83.5 வீதம் திரும்பக் கிடைத்தது. வரலாற்றிலேயே மோசமான விலைச் சரிவில் விற்றும் இவ்வளவு தேறியது என்றால், வங்கி மூடாமல் இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்பது அவர்களின் வாதம். பின்வந்த ஆய்வாளர்கள் சிலர், மனைக் கடன்களும் இணை நிறுவனக் கடன்களும் மூடுவதற்கு முன்பே கெட்டுப்போனவை, இது ரொக்கத் தட்டுப்பாடு மட்டுமன்று என்று மறுத்தனர்.

இரு தரப்பும் ஒரே எண்ணைப் பார்த்து வேறு வேறு முடிவுக்கு வரக் காரணம் உண்டு. சொத்தின் மதிப்பு என்பது அதில் எழுதிவைத்த எண் அன்று. விற்பவருக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதையும் சேர்த்ததே மதிப்பு. வங்கியின் பணம் இருந்த சான் ரெமோ, பெரஸ்ஃபோர்ட் என்ற இரு குடியிருப்புகளும் 1940-இல் சேர்த்தே விற்கப்பட்டன. மேலிருந்த அடமானக் கடனுக்கு அதிகமாகக் கிடைத்தது 25,000 டாலர் மட்டும். இன்று அந்த இரு கட்டிடங்களில் ஒரே ஒரு வீட்டின் விலை பல லட்சம் டாலர். செங்கல்லும் சுண்ணாம்பும் மாறவில்லை. கலைப்பவர் காத்திருக்க முடியாத காலத்தில் விற்றால் ஒரு விலை; காத்திருந்தால் வேறு விலை.

டெபாசிட்தாரரின் கணக்கும் இதே வகை. 400 டாலர் வைத்திருந்தவருக்கு 83.5 வீதக் கணக்கில் மொத்தம் 334 டாலர் வந்திருக்கும். தாளில் பார்த்தால் இழப்பு 66 டாலர். ஆனால் அந்த 334-உம் ஒரே நாளில் வரவில்லை. கணக்கு முழுதும் தீர 1940-கள் ஆயின. இடையில் 1933 வந்தது. வேலை செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லாத ஆண்டு அது. சேமிப்பு என்பது அந்த ஆண்டுக்காகவே சேர்த்தது. அது தேவைப்பட்ட ஆண்டில் ரிசீவரின் ஏட்டில் எண்ணாக இருந்தது. மூடிய வங்கி பறித்தது பணத்தில் ஒரு பகுதியை. முழுதாகப் பறித்தது காலத்தை.

10. காத்திருப்பை இடம் மாற்றிய சட்டம்

1930 தொடங்கி 1933 முடிய 9,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடின. ஆயிரக்கணக்கான ஊர்களில் ரிசீவர் அலுவலகங்கள் ஒரே சமயத்தில் சொத்து விற்க முயன்றன. எல்லாரும் விற்பவர், வாங்குபவர் இல்லை. 1932-இல் தோன்றிய ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்துக்கு, மூடிய வங்கிகளின் சொத்தை ஈடாகப் பெற்று ரிசீவர்களுக்குக் கடன் கொடுக்கும் அதிகாரமும் இருந்தது. அவசர விற்பனை இல்லாமலே ஒரு தவணை கொடுக்க இது உதவியது. அரசு செய்தது ரிசீவருக்குக் காலத்தைக் கடன் கொடுத்தது.

1933 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலம் முழுதும் வங்கி விடுமுறை அறிவிக்கப்பட்டது. மார்ச் 6-ஆம் தேதி புதிய குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூட ஆணையிட்டார். ஒரு வாரத்தில் நல்ல நிலையில் இருந்தவை மீண்டும் திறந்தன. ஜூன் 16-ஆம் தேதி வங்கிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஏற்பட்ட ஃபெடரல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் (எஃப்.டி.ஐ.சி.) 1934 ஜனவரி 1 முதல் ஒரு டெபாசிட்தாரருக்கு 2,500 டாலர்வரை காப்பீடு அளித்தது. ஜூலையில் வரம்பு 5,000 ஆயிற்று.

இந்த யோசனைக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. முன்பு எட்டு மாநிலங்கள் தத்தம் அளவில் உத்தரவாத நிதிகள் வைத்துப் பார்த்து, 1920-களின் விவசாய வீழ்ச்சியில் எல்லாம் முறிந்திருந்தன. நல்ல வங்கிகளின் பணத்தில் கெட்ட வங்கிகளைக் காப்பாற்றுவதா என்று பெரிய வங்கிகள் கேட்டன. ரூஸ்வெல்ட்டும் முதலில் தயங்கினார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஹென்றி ஸ்டீகல், ஆர்தர் வாண்டன்பர்க் முதலியோரின் விடாப்பிடியே அதை நிறைவேற்றியது.

புதிய ஏற்பாட்டின் வேலையை ஒரு சிறிய ஊர் காட்டியது. இல்லினாய் மாநிலத்து ஈஸ்ட் பியோரியாவில் ஃபான் டு லாக் ஸ்டேட் பாங்க் 1934 மே 28-ஆம் தேதி மூடியது. காப்பீடு பெற்ற வங்கிகளில் முதலில் முறிந்தது அதுதான். ஜூலை 3-ஆம் தேதி அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் 1,250 டாலர் பெற்றுக்கொண்டார். காப்பீட்டுப் பணம் பெற்ற முதல் டெபாசிட்தாரர் அவர். மூடியதற்கும் கொடுத்ததற்கும் இடையே 36 நாள். அந்த ஆண்டு முழுவதும் முறிந்த காப்பீட்டு வங்கிகள் ஒன்பது மட்டுமே.

ஈஸ்ட் பியோரியாவிலும் வங்கிச் சொத்தை விற்று, கடனை வசூலித்து, கணக்கை முடிக்கும் நீண்ட வேலை இருக்கத்தான் செய்தது. அது மறையவில்லை. மாறியது காத்திருப்பவர் யார் என்பது. டெபாசிட்தாரருக்கு உடனே கொடுத்துவிட்டு, அவருடைய இடத்தில் காப்பீட்டுக் கழகம் வரிசையில் நின்றது. அதற்கு மாத வாடகை இல்லை. அதனால் காத்திருக்க முடிந்தது. இரண்டு டாலருக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கும் காரணமும் அதோடு போயிற்று. முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் ஒரே தொகை என்றால் ஓட வேண்டியதில்லை.

அமெரிக்காவுக்குப் பின் நாடு தழுவிய டெபாசிட் காப்பீட்டைத் தொடக்கத்திலேயே கொண்டுவந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி 1960-இல் மூடிய அதிர்ச்சிக்குப் பின், 1962 ஜனவரி 1 முதல் 1,500 ரூபாய்வரை அது நடைமுறைக்கு வந்தது. தொகை 2020-இல் 5 லட்சமாக உயர்ந்தது. ஆனால் வங்கியைக் கலைத்தால்தான் பணம் என்ற நிலை நீடித்ததால், முடக்கப்பட்ட வங்கிகளின் டெபாசிட்தாரர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021-இல் வந்த சட்டத் திருத்தம், வங்கிமேல் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை போய்ச்சேர வேண்டும் என்று வரையறுத்தது. தொகைக்கு வரம்பு முதலிலிருந்தே இருந்தது. காலத்துக்கு வரம்பு வர ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.